கம்ப்யூட்டர் சொன்னால் மருந்தாகி விடுமா?

மாதவிலக்கு வலிக்கு என்று என் தங்கை ஒரு மூலிகைப் பொடி வாங்கி வந்தாள். டப்பாவில் ‘கம்ப்யூட்டர் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தார்கள். அண்ணன் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே, என்னிடம் விளக்கம் கேட்டாள்.

இந்த ஆய்வுக்கு டாக்கிங் என்று பெயர். கருப்பையை இறுக்கி வலி தருபவை புராஸ்டகிளாண்டின்கள். அவை உருவாகக் காரணமான என்சைம்களில் ஒன்று காக்ஸ்-2. இதை ஒரு பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். மூலிகையிலுள்ள வேதிப்பொருள் சாவி போல அதில் பொருந்துமா என்று புரோகிராம் கணக்கிட்டு ஒரு எண் தரும். 2010ல் வெளியான ஆட்டோடாக் வினா இலவசம்தான். வீட்டு கம்ப்யூட்டரிலேயே இயங்கும். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இம்பேட் டேட்டாபேஸில் இந்திய மூலிகைகளின் வேதிப்பொருட்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

பொடியில் முதல் பெயர் சுக்கு. இஞ்சியிலுள்ள ஜிஞ்சராலை எடுத்து நானும் ரன் செய்து பார்த்தேன். சில நிமிடங்களில் எண் வந்துவிட்டது. (பைல் பார்மட் மாற்றத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.)

எவ்வளவு சாப்பிட வேண்டும், ரத்தத்தில் சேருமா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. எதை முதலில் சோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம் என்று வரிசைப்படுத்தவே அது உதவும். அதை நிரூபணம் என்பது ஏமாற்று வேலை. சுக்கின் மீது எனக்கு நம்பிக்கை வருவது வேறு இடத்திலிருந்து. ஈரானில் 150 மாணவிகளிடம் நடத்தி 2009ல் வெளியான சோதனையில், இஞ்சிப் பொடி மெபனமிக் ஆசிட், ஐபுபுரூபன் மாத்திரைகளுக்கு இணையாக வலியைக் குறைத்தது.

தங்கைக்கோ மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போகிறது. எண்டோமெட்ரியோசிஸாகக் கூட இருக்கலாம். அதை எந்த டாக்கிங்கும் சொல்லாது. சனிக்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.