ஒளிக் கம்ப்யூட்டர் வரட்டும், உங்கள் கம்ப்யூட்டர் இருக்கட்டும்!

"வெளிச்சத்தில் இயங்கும் கம்ப்யூட்டர் வரப் போகிறதாமே! இப்போது வாங்கியது வீண்தானா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. வீண் இல்லை என்பதே என் கருத்து.

இந்தச் செய்திகளுக்குப் பின்னால் உள்ள விஷயம் சுவையானது. முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற இரண்டு பரப்புகளைச் சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைக்கிறார்கள். நடுவில் கரிமப் பொருளின் மெல்லிய படலம். உள்ளே சிக்கிய ஒளி இங்கும் அங்கும் மோதித் திரும்புகிறது. மூலக்கூறுகள் அதை விழுங்கி மீண்டும் உமிழ்கின்றன. ஒளி தப்பிச் செல்வதை விட இந்தக் கொடுக்கல் வாங்கல் வேகமாக நடந்தால், காப்பியில் கலந்த பாலையும் டிகாஷனையும் போல, ஒளியையும் பொருளையும் பிரித்துப் பார்க்க முடியாது. இந்தக் கலவைக்குப் போலாரிட்டான் என்று பெயர்.

1998-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லிட்ஸே குழுவினர் கரிமப் பொருளில் இதைச் சாதித்தனர். கடுங்குளிர் தேவைப்படவில்லை, அறை வெப்பநிலையே போதும். 2019-ல் ரஷ்யாவின் ஸ்கோல்டெக், ஐ.பி.எம். சூரிக் ஆய்வாளர்கள், ஒளியை ஒளியாலேயே கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரை இதே வழியில் செய்து காட்டினர்.

ஆனால் ஆய்வுக்கூட மேஜையில், லேசர் உதவியுடன் வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டர் வேறு. உங்கள் பிராசசருக்குள் இருக்கும் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் வேறு. இடையே உள்ள தூரம் மிக அதிகம்.

இந்த நுட்பம் நம் வீட்டுக்கு வந்தால், முதலில் திரை வழியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். ஓ.எல்.இ.டி. திரையிலும் மெல்லிய கரிமப் படலங்கள்தானே இருக்கின்றன? 2023-ல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மால்ட்டே காதர் குழுவினர், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத போலாரிட்டான் ஓ.எல்.இ.டி.யை உருவாக்கினர். அதற்கும் அவசரம் வேண்டாம். கோடாக் ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்ட ஓ.எல்.இ.டி., சோனி டிவியாகக் கடைக்கு வந்தது 2007-ல்தான். இருபது ஆண்டுகள்!

எனவே இத்தகைய செய்தியைப் படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை டிரான்சிஸ்டர் இணைத்தார்கள்? வெளியே லேசர் வேண்டுமா? எந்தக் கடையில் கிடைக்கும்? மூன்றுக்கும் நல்ல பதில் வரும் வரை, வாங்கிய கம்ப்யூட்டரை நிம்மதியாகப் பயன்படுத்துங்கள். கையில் பணம் இருந்தால் கூடுதல் ராம் போடுங்கள். பலன் இன்றே தெரியும்.