கப்பல் டெக்கில் ஒரு கவச வண்டி... குறி யார் மேல்?

போர்க்கப்பலின் மேல்தளம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? ஹெலிகாப்டர், ஜெட் விமானம், வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும் வீரர்கள். 2019 கோடையில் அமெரிக்கத் தரப்பு வெளியிட்ட சில படங்களில் இதோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது. 'யு.எஸ்.எஸ். பாக்ஸர்' என்ற பிரமாண்டக் கப்பலின் டெக்கில் எட்டுச் சக்கரக் கவச வண்டி ஒன்று பீரங்கியைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. தி.நகரில் பார்க்கிங் கிடைக்காத யாரோ மொட்டை மாடியில் காரை ஏற்றிவிட்டது போல ஒரு காட்சி.

வண்டியின் பெயர் எல்.ஏ.வி.-25. தரையில் ஓட வேண்டிய வண்டி. நடுக்கடலில் அதற்கு என்ன வேலை? பதிலைத் தேடிப் போனால் கதை திருச்சிக்கும் நந்தம்பாக்கத்துக்கும் வருகிறது. கடைசியில் ராமநாதபுரத்து மீனவர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

சின்னப் படகு, பெரிய பயம்

பாக்ஸர் அப்போது ஹோர்முஸ் ஜலசந்திப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான கடல் பாதை அது. அங்கே ஈரானின் வேகப் படகுகள் கூட்டம் கூட்டமாக வந்து பெரிய கப்பல்களை உரசிவிட்டுப் போவது வழக்கம். 40,000 டன் கப்பல், ஒரு வேகப் படகைப் பார்த்துப் பயப்படுமா என்று கேட்காதீர்கள். பயப்படும். காரணம், ஏடன்.

2000 அக்டோபர் 12. ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் 'யு.எஸ்.எஸ். கோல்' என்ற ஏவுகணைப் போர்க்கப்பல் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. சின்னப் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. துறைமுகத்தில் கயிறு கட்டவும் குப்பை வாங்கவும் வரும் படகுகளில் ஒன்று என்று நினைத்தார்கள். அது வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் இடுப்பில் ஒரு வீடே நுழையலாம் போல ஓட்டை.

நமக்கு இது புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. கோலுக்கு ஆறு வருடம் முன்பே, 1994 செப்டம்பரில், இலங்கைக் கடற்படையின் 'சாகரவர்தன' ரோந்துக் கப்பல் மன்னார் பக்கம் மூழ்கியது. விடுதலைப் புலிகளின் கடற்புலிகள் பிரிவு, வெடிமருந்து நிரப்பிய படகுகளைக் கொண்டுபோய் மோதியது. அதன் பிறகு இலங்கைக் கடற்படை தன் வேகப் படகுகளின் பீரங்கிகளை மாற்றியது, சின்னப் படகுகளைத் தானே கட்டியது. உலகக் கடற்படைகள் பல இந்தப் பாடத்தை இங்கே, பாக் நீரிணைப் பக்கம் பார்த்துத்தான் படித்தன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை ஏறத்தாழ இரண்டேமுக்கால் கிலோமீட்டர். 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டரில் வரும் படகு இந்தத் தூரத்தை இரண்டு நிமிடம் சொச்சத்தில் கடந்துவிடும். அதற்குள் கப்பலில் இருப்பவர் படகைப் பார்க்க வேண்டும், யார் என்று கேட்க வேண்டும், எச்சரிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். விமானத்தையும் ஏவுகணையையும் அடிக்கச் செய்த பெரிய ஆயுதங்கள் இதற்கு ஒத்துவராது. கையால் பிடித்துச் சுடுகிற இயந்திரத் துப்பாக்கியோ, கப்பல் ஆடும்போது தானும் சேர்ந்து ஆடும்.

வயிற்றில் இருந்ததை மேலே கொண்டுவந்தார்கள்

பாக்ஸர் போன்ற கப்பலின் வேலையே மரைன் படையினரையும் அவர்கள் வண்டிகளையும் சுமந்து போய்க் கரையில் இறக்குவது. அதனால் எல்.ஏ.வி. எப்படியும் கப்பலின் வயிற்றுக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கும். அதில் 25 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கிறது. குண்டும் குழியுமான நிலத்தில் ஓடிக்கொண்டே சுடுவதற்காக, வண்டி ஆடினாலும் குழல் ஆடாதபடி நிலைப்படுத்தும் கருவி இருக்கிறது. இருட்டிலும் வெப்பத்தை வைத்து உருவம் காட்டும் தெர்மல் கேமரா இருக்கிறது. இதை டெக்கில் ஏற்றிச் சங்கிலி போட்டால் இன்னொரு பீரங்கி மேடை தயார், அதுவும் புதுசாக ஒரு பைசா செலவில்லாமல்.

இதே கப்பல் 2019 ஜூலை 18 அன்று ஈரானிய டிரோன் ஒன்றை வீழ்த்தியதாக அமெரிக்கா அறிவித்தது, ஈரான் மறுத்தது. அதைச் செய்ததாகச் சொல்லப்பட்டதும் டெக்கில் நின்ற ஒரு வண்டிதான். நம்ம ஊர் பீச் பக்கியை விடக் கொஞ்சம் பெரிதான ஜீப்பில் பொருத்திய, டிரோனின் சிக்னலைக் குழப்பும் கருவி. 2022-ல் ரஷ்யர்கள் கருங்கடலில் இதே வேலையைச் செய்தார்கள். தரைப்படையின் 'டோர்' விமான எதிர்ப்பு ஏவுகணை அமைப்பை ரோந்துக் கப்பலின் ஹெலிகாப்டர் தளத்தில் வைத்துக் கட்டினார்கள்.

ஐடியா சூப்பர் என்று கைதட்டிவிட முடியாது. வண்டி நிற்கும் இடத்தில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று பட்டினப்பாக்கத்தில் பைக் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது உயரம். டெக் தண்ணீரிலிருந்து அறுபது அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கிக் குழலைப் பத்து டிகிரிக்கு மேல் கீழே சாய்க்க முடியாது என்றால், சுமார் 100 மீட்டருக்குள் வந்துவிட்ட படகை அதால் தொடவே முடியாது. பக்கத்து மாடியிலிருந்து நம் வீட்டு வாசலில் நிற்பவரைப் பார்க்கலாம், அதே வீட்டு மாடியிலிருந்து பார்க்க எட்டிக் குனிய வேண்டும் இல்லையா, அந்தச் சிக்கல்தான். ஆக, இது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. இந்தியா இதை இன்னும் நிதானமாகச் செய்திருக்கிறது.

வண்டி வேண்டாம், பீரங்கி மட்டும்

குடியரசு தின அணிவகுப்பில் 'சரத்' என்ற கவச வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ரஷ்ய பி.எம்.பி.-2 வண்டியின் இந்தியப் பதிப்பு. ஹைதராபாத் அருகே மேடக் தொழிற்சாலையில் தயாராவது. இன்று அந்தத் தொழிற்சாலை எந்த நிறுவனத்தின் கீழ் வருகிறதோ, அதன் தலைமையகம் நம்ம ஆவடியில். சரத்தின் கோபுரத்தில் இருப்பது 30 மில்லிமீட்டர் பீரங்கி. அது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் கைவேலை.

நம் ஆட்கள் முழு வண்டியையும் கப்பலில் ஏற்றவில்லை. அந்தப் பீரங்கியை மட்டும் எடுத்து, கப்பலுக்கென்று தனி மேடை செய்து, 'சி.ஆர்.என்.-91' என்று பெயர் வைத்தார்கள். கடற்படையின் ரோந்துக் கப்பல்களிலும் கடலோரக் காவல்படைக் கப்பல்களிலும் முன்பக்கம் ஒற்றைக் குழலோடு தெரிவது பெரும்பாலும் இதுதான். நிமிடத்துக்கு 550 குண்டு, சுமார் 4 கிலோமீட்டர் வரை. நேப்பியர் பாலம் பக்கம் கடலோரக் காவல்படையின் கிழக்கு மண்டலத் தலைமையகத்தைத் தாண்டித் தினமும் போகிறவர்கள், அடுத்த முறை துறைமுகத்தில் வெள்ளைக் கப்பல் நிற்பதைப் பார்த்தால் கவனியுங்கள். அங்கே முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது, தரையில் ஓடுவதற்காகச் செய்த ஒரு வண்டியின் துண்டாக இருக்கலாம். (அதே பக்கம் இருக்கும் கடற்படைத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். அடையார். அடையாறில் இல்லாத அடையார். பிரதமர் வந்தால் ஹெலிகாப்டர் இறங்கும் இடம் என்றால் சட்டென்று புரியும்.)

திருச்சியில் இன்னொன்றும் செய்கிறார்கள். 12.7 மில்லிமீட்டர் ரிமோட் துப்பாக்கி. 2021 ஆகஸ்ட்டில் கடற்படைக்கு 15, கடலோரக் காவல்படைக்கு 10 கொடுத்தார்கள். சுடுபவர் வெளியே நிற்க வேண்டாம். உள்ளே திரை முன்னால் உட்கார்ந்து, கேமராவில் பார்த்து, லேசரால் தூரம் அளந்து இயக்கலாம். நந்தம்பாக்கத்தில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையும் இந்தத் துறையில்தான் இருக்கிறது. டாங்குகளுக்கான எலக்ட்ரானிக்ஸ் அங்கே தயாராகிறது.

இதையெல்லாம் படிக்கும்போது குழல், குண்டு, வேகம் என்றுதான் கண் போகும். ஆனால் எல்.ஏ.வி.யாகட்டும் திருச்சித் துப்பாக்கியாகட்டும், அதில் விலை உயர்ந்த சமாச்சாரம் கேமரா. சுடுவதை விட, சுட வேண்டுமா என்று பார்ப்பது கஷ்டம்.

அந்தப் படகில் யார் இருந்தார்கள்?

2012 ஜூலை 16. துபாயின் ஜெபல் அலி கடற்பகுதி. அமெரிக்கக் கடற்படைக்கு எரிபொருள் சுமக்கும் 'ராப்பஹானக்' என்ற கப்பலை நோக்கி ஒரு சின்னப் படகு வந்தது. கப்பலில் இருந்த பாதுகாப்பு அணி .50 கலிபர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. எச்சரித்தும் படகு திரும்பவில்லை என்றது அமெரிக்கக் கடற்படை. எங்களை யாரும் எச்சரிக்கவே இல்லை என்றார்கள் பிழைத்தவர்கள். படகு சரியான பாதையில்தான் போனது, ஆபத்து எதுவும் இல்லை என்று துபாய் போலீஸ் தலைவரே அப்போது சொன்னார்.

அது மீன்பிடிப் படகு. உள்ளே இருந்தவர்களில் ஆறு பேர் இந்தியர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயம்பட்டார்கள். சம்பாதிக்க வளைகுடா போனவரின் உடல் ஊருக்கு வந்தது.

அந்த வருடம் பிப்ரவரி 15-ல்தான் 'என்ரிகா லெக்ஸி' சம்பவமும் நடந்திருந்தது. கேரளக் கடலில், கடற்கொள்ளையர் என்று நினைத்து இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் பலியானார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2021-ல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை முடித்துவைத்தது.

வெளிநாட்டுக்காரர்கள்தான் இப்படி என்று சொல்லவும் வழியில்லை. 2022 அக்டோபர் 21 அதிகாலை, பாக் நீரிணையில் நம் கடற்படையின் 'ஐ.என்.எஸ். பங்காரம்' சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயம் அடைந்தார். நிற்கச் சொல்லியும் படகு நிற்கவில்லை, எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்றது கடற்படை. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

கப்பலில் நிற்பவர் பக்கமும் பேச வேண்டும். 2008-ல் மும்பைக்குள் வந்த பத்துப் பேர், 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் நம்ம ஊர்ப் படகு. இப்போது ஆளே இல்லாத படகுகளும் வந்துவிட்டன. 2024 பிப்ரவரி 1 அன்று உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் மோதி ரஷ்யாவின் 'இவானோவெட்ஸ்' ஏவுகணைக் கப்பல் மூழ்கியது. அதே ஜூனில் செங்கடலில் 'டியூட்டர்' என்ற சரக்குக் கப்பலை ஹூதிகள் இதே முறையில் தாக்கினார்கள். தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்வாக வரும் எதைப் பார்த்தாலும் மாலுமிகளுக்கு இனி நெஞ்சு படபடக்கும்.

அந்தப் படபடப்பின் எதிர்முனையில் இருப்பவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள்தான். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் விடியற்காலை ஃபைபர் படகு தள்ளுகிறவர்கள், அவர்களின் வளைகுடா போன சொந்தக்காரர்கள். தெர்மல் கேமராவில் இன்ஜின் சூடு தெரியும், ஆள் நிற்பது தெரியும். நிற்பவர் கையில் இருப்பது வலைக் கயிறா வேறெதுவுமா என்பது இரண்டு கிலோமீட்டரில் தெரியுமா?

படகுகளுக்குப் பதிவு எண், மீனவருக்கு பயோமெட்ரிக் அட்டை, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்று நம் பக்கம் சில வேலைகள் நடக்கின்றன. உதவும்தான். ஆனால் படகின் முகப்பில் பெயின்ட் அடித்த எண், ராத்திரியில் எதிரே வரும் கப்பலுக்குத் தெரியாது. அமெரிக்கக் கடற்படை 2020 மே மாதம் வளைகுடாவில் ஓர் அறிவிப்பு விட்டது: தங்கள் கப்பல்களிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளியே இருங்கள், ஆயுதத்தோடு அதைத் தாண்டி வருகிற படகு ஆபத்தாகக் கருதப்படலாம் என்று. இருட்டில், எதிரே வருவது போர்க்கப்பலா சரக்குக் கப்பலா என்றுகூடத் தெரியாமல், தண்ணீரில் வலையை இறக்கி வைத்திருக்கும் ஒரு சின்னப் படகு அந்த 100 மீட்டரை எதை வைத்து அளக்கும்?