எடை மிஷினில் அவரும் ஏறட்டும்

கருத்தரிப்பு மையம் ஒன்றில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சிகிச்சையில் இருக்கும் பெண்ணோடு பெரும்பாலும் மாமியார்தான் உள்ளே வருவார். கணவர் பில் கவுண்டரிலோ, வாசலில் செல்போனோடோ நிற்பார். நான் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் ஆரம்பித்துவிடுவார். "பப்பாளி, அன்னாசி, எள்ளு எதையும் கண்ணுலயே காட்டறதில்லைங்க. கரு வெச்சதிலிருந்து கட்டிலை விட்டு எறங்க விடறதில்லைங்க."

கரு வைத்தபின் படுத்தே கிடந்தால் அது தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடந்தால் நழுவி விழுந்துவிடவும் செய்யாது.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டால் மருமகள் மாமியார் முகத்தைப் பார்க்கிறாள். இரண்டு டீ. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, பத்தரை மணிக்கு மேல் மிச்சமிருந்த இரண்டு இட்லி, கூடவே இன்னொரு டீ. சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள அந்த டீ விடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. விலக்க வேண்டியதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறது, அவள் தட்டில் விழ வேண்டிய முட்டைக்கும் சுண்டலுக்கும் இல்லை.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது. கீரை நல்லதுதான், ஆனால் மாத்திரைக்கு ஈடாகாது. சினைப்பை நீர்க்கட்டியோடு எடையும் கூடிய பெண்ணுக்கு எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பேன் என்பவர்களை நான் தடுப்பதில்லை, ஊசி போடும் நாட்களில் பாலும் பழமும் தண்ணீரும் விடாதே என்பேன். கணவர் எதை விட்டு விரதம் இருக்கிறார் என்றும் கேட்பேன்.

கேட்காமல் என்ன செய்வது? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை, மூன்று மாதம் ஆகிறது. இன்று விட்ட சிகரெட்டின் பலன் அதற்குப் பிறகுதான் தெரியும். ஆனால் டயட் சார்ட்டில் இருப்பது மனைவி பெயர் மட்டும். சிகிச்சை தோற்றால் அதே சார்ட் அவள்மேல் குற்றப்பத்திரிகை ஆகிறது. "அன்னிக்கு ஓட்டல்ல பரோட்டா தின்னியே" என்பார்கள். நான் எழுதித் தரும் சார்ட் அடைபட்ட கருக்குழாயைத் திறக்காது, நாற்பது வயதுக் கருமுட்டையை முப்பதாக்காது. இதை வீட்டாரிடம் உரக்கச் சொல்ல வேண்டியது எங்களைப் போன்ற மையங்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கும் குழந்தைக்குச் செலவழிக்கும் அக்கறையில் கொஞ்சம் இதற்கும் வைக்கலாம்.

கணவர் வராமல் முதல் ஆலோசனை கிடையாது என்று இப்போது கண்டிப்பாக இருக்கிறேன். முணுமுணுப்பு உண்டு. போன வாரம் ஓர் அம்மா மகனை மிஷினில் ஏற்றிப் பார்த்து, "தொண்ணூத்தி ரெண்டாடா?" என்றார். அவன் கையிலிருந்த பஃப்ஸைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.