டயலில் இல்லாத பெயர்

எனாமல் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரண்டுதான்: பல், விளிம்பு பெயர்ந்த பழைய தட்டு. அதே எனாமல் ஒரு ஸ்விஸ் கைக்கடிகாரத்தின் டயலில் ஏறினால் விலை பல லட்சங்களுக்குப் போய்விடுகிறது. இத்தனைக்கும் நேரம் காட்டும் துல்லியத்தில் அந்தக் கடிகாரம் நடைபாதையில் விற்கும் குவார்ட்ஸ் கடிகாரத்திடம் தோற்றுப்போகும். பிறகு எதற்கு அவ்வளவு காசு?

டயலுக்குப் பின்னால் இருக்கும் வேலைக்கு. தங்கம் அல்லது வெள்ளித் தகட்டில் சிற்றுளியால் கையாலேயே கோலம் செதுக்குகிறார்கள். நிறக் கண்ணாடியைக் கல்வத்தில் இட்டு மாவாக அரைத்து, நீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் அதன்மேல் பரப்புகிறார்கள். நீலம் வேண்டுமா, கோபால்ட் ஆக்சைடு. பச்சைக்குச் செம்பு. பிறகு சுமார் 800 டிகிரி சென்டிகிரேடில் சூளை. ஒரு முறை அல்ல, பூச்சுக்குப் பூச்சு. கடைசிச் சூட்டில் ஒரு குமிழோ ஒரு மயிரிழை விரிசலோ விழுந்தால் போதும், அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்கு. சூட்டில் தகடு வளையாமலிருக்க அதன் முதுகிலும் எனாமல் பூசுவார்கள். வாங்குகிறவர் அதைப் பார்க்கப்போவதே இல்லை.

ஜெனீவாவுக்கு இது பழைய கலை. ஆனால், 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். எனாமல் கலைஞர்களை விரல்விட்டு எண்ணும் நிலை வந்தது. துல்லியம் மலிவானதும் கைவேலை அபூர்வமாகிவிட்டது. அபூர்வமானதும் விலையும் ஏறியது.

இந்த வேலை நமக்கும் அந்நியமல்ல. ஜெய்ப்பூரின் மீனாகாரியும் இதுதான்: பொன்னைச் செதுக்கி, பள்ளத்தில் நிறக் கண்ணாடி நிரப்பி, சுட்டெடுப்பது. குந்தன் நகையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கற்கள் ஜொலிக்க, தோலைத் தொடும் பின்பக்கத்தில் மீனா பூத்திருக்கும். வாரணாசியின் இளஞ்சிவப்பு மீனாகாரிக்கு 2015இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. செய்தவர் பெயருக்கு?

மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலாகவே உறுத்துகிறது. எங்கள் தொழிலிலும் அட்டையில் மூல ஆசிரியர் பெயர் பெரிதாக இருக்கும். மொழிபெயர்த்தவர் பெயரை உள்ளே பொடி எழுத்தில் தேட வேண்டும். சில நேரம் தேடினாலும் கிடைக்காது. கடிகார டயலில் இருப்பதும் நிறுவனத்தின் பெயர்தான்.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் அனிதா போர்ஷே பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கும் எனாமல் வேலை செய்து தருபவர். அவருக்கும் அவருடைய குரு சூசன் ரோருக்கும் 2017இல் ஜெனீவா கடிகார விருது விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு தரப்பட்டது. இங்கே ஜெய்ப்பூரின் மீனாகாரி கலைஞர் குத்ரத் சிங்குக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால், விருது மேடை ஒரு நாள் விஷயம். டயல் தலைமுறைகளுக்கு நிற்கும்.

ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஸ்விஸ் கடிகாரங்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும். நம் பணக்காரர்கள் இன்னும் அதிகமாக வாங்குவார்கள். வாங்கட்டும், கைவேலைக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும்: 'இதைச் செதுக்கியவர் யார், சுட்டவர் யார்?' லட்சக்கணக்கில் கொடுப்பவர் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். கேட்டுப் பழகியவர்கள் அடுத்த முறை ஜெய்ப்பூர் நகைக் கடையிலும் அதையே கேட்பார்கள்.