லட்சம் பேர் படிச்சாலும் கல்லா நிறையலையே, ஏன்? அரசியல் செய்தித் தளங்களின் பணச் சிக்கல்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிலாளி டீ நேரத்தில் மொபைலில் படிக்கும் அரசியல் அலசல் இலவசம்தான். ஆனா, எழுதுறவருக்குச் சம்பளம் யார் தர்றது?

விளம்பரம்: செய்தித்துறையின் பெரிய விளம்பரதாரர்களில் அரசும் ஒன்று. விமர்சித்தால் அந்த வரவு நின்றுபோகலாம்.

வெளிநாட்டு முதலீடு: டிஜிட்டல் செய்திக்கு 2019-ல் 26% உச்சவரம்பு வந்தது. ஹஃப்போஸ்டை பஸ்ஃபீட் வாங்கியபோது, இந்தியப் பதிப்பை எடுக்க முடியவில்லை. 2020 நவம்பரில் அது மூடப்பட்டது.

சந்தா: 2012-ல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி, விளம்பரம் வாங்காமல் வாசகர் சந்தாவை நம்பி ஓடுது. ஆனா அச்சு நாளிதழுக்கு இல்லாத ஜிஎஸ்டி, இணையச் செய்திச் சந்தாவுக்கு 18%.

மிச்சம் இருக்கிற வழி வாசகர்தான். சிலர் மாதாமாதம் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அது இலவசம்.