காலத்தைக் கைவசம் வைத்திருக்கும் நீதிமன்றம்

பிபிசி தொலைக்காட்சி 1963 முதல் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடரில், காலத்தின் ஊடே பயணம் செய்யும் ஆற்றல் பெற்ற 'டைம் லார்டுகள்' என்னும் வேற்றுலக இனத்தார், பிற உலகங்களின் நிகழ்வுகளில் தலையிடலாகாது எனத் தமக்கே சட்டம் வகுத்துக்கொண்டவர்கள். அவர்களுள் ஒருவராக இருந்தும் அச்சட்டத்தை மீறித் திரிகின்ற டாக்டர், 1969இலும் 1986இலும் அவர்களுடைய நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்.

முதல் வழக்கு 'தி வார் கேம்ஸ்' என்னும் கதையில் வருகிறது. பூமியில் வெவ்வேறு காலங்களில் நடந்த போர்களிலிருந்து வீரர்களைக் கடத்திவந்து மோதவிட்ட 'வார் லார்டு', ஒருபோதும் இருந்ததே இல்லை என்னும்படி துடைத்தெறியப்படுகிறான். குற்றவாளி இருந்ததே இல்லையென்றால் குற்றமும் நடக்கவில்லை, தண்டனைக்கும் காரணமில்லை என்ற முரணை அந்த நீதிமன்றம் பொருட்படுத்துவதில்லை. அடுத்து விசாரிக்கப்படும் டாக்டர், தம் தலையீட்டை ஒப்புக்கொண்டு, தீமையை எதிர்ப்பதே கடமை என வாதிடுகிறார். அவ்வாதம் ஓரளவே ஏற்கப்பட்டு, உருவம் மாற்றப்பட்டு, இருபதாம் நூற்றாண்டுப் பூமிக்கு நாடுகடத்தப்படுகிறார்.

பதினான்கு பகுதிகளாக ஒளிபரப்பான இரண்டாவது வழக்கு, 'தி ட்ரையல் ஆஃப் எ டைம் லார்டு', இன்னும் ஆழமானது. டைம் லார்டுகளின் அறிவும் அனுபவமும் சேமிக்கப்படும் 'மேட்ரிக்ஸ்' என்னும் களஞ்சியத்திலிருந்து சாட்சியங்கள் திரையிடப்படுகின்றன. தம் தரப்புச் சான்றாக டாக்டர் தமது எதிர்காலத்தில் நிகழவிருக்கும் சம்பவம் ஒன்றைக் காட்ட, அதையே பிடித்துக்கொண்டு அவர்மீது இனப்படுகொலைக் குற்றம் சாட்டப்படுகிறது. அதாவது, இன்னும் செய்யாத செயலுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாகிறது. இறுதியில், மேட்ரிக்ஸ் பதிவுகள் திருத்தப்பட்டிருந்ததும், குற்றம்சாட்டும் வழக்கறிஞரான வேல்யார்டு டாக்டரின் தீய இயல்புகள் பிற்காலத்தில் திரண்டெழுந்த வடிவம் என்பதும், திருடுபோன தன் ரகசியங்களைக் காக்கப் பூமியையே இடம்பெயர்த்த டைம் லார்டுகளின் ஆட்சிக் குழு அக்குற்றத்தை மறைக்கவே இந்த வழக்கைப் பயன்படுத்தியது என்பதும் வெளிப்படுகின்றன.

செயலுக்குப் பின்னரே தண்டனை என்பதும், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்பதும் சட்டவியலின் அடிப்படை நெறிகள். நடந்ததை எவராலும் மாற்ற முடியாது என்ற நம்பிக்கையே முதல் நெறியைத் தாங்குகிறது. காலத்தை ஆள்வோருக்கு வெளியே நடுவர் எவரும் இல்லாதபோது இரண்டாவது நெறியும் சரிகிறது. 2021இல் வெளியான 'லோக்கி' தொடரிலும், காலவரிசையைக் காப்பதாகச் சொல்லி விசாரணையின் பெயரால் மனிதர்களை அழிக்கும் அமைப்பின் தலைவர்களான மூன்று காலக்காவலர்கள் வெறும் இயந்திரப் பொம்மைகள் என்று தெரியவருவது தற்செயலன்று. கடந்தகாலத்தின் பதிவேட்டைத் திருத்தும் உரிமை குற்றம் சாட்டுபவரிடமே இருக்குமானால், அங்கே நடப்பது விசாரணை ஆகாது. அதிகாரம் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு மட்டுமே.