ஒட்டாத உடம்பு

சகோதரிகளே, இந்தத் தடவை வத்தக்குழம்பும் இல்லை, வடகமும் இல்லை. கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் தூரத்து உறவுப் பெண் ஒருத்தி போன மாதம் கடலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஒரு வருஷம் ஆகிறதாம். அவளுக்கு அப்போது சோதித்ததில் இல்லை என்று வந்துவிட்டது.

"எனக்கு இது ஒட்டாதுக்கா. காலரா வந்த தெருவிலயே எங்க அம்மாச்சிக்கு ஒண்ணும் ஆகலையாம். எங்க வம்சத்து ரத்தம் அப்படின்னு அம்மா சொல்றாங்க. சில பேர் உடம்புல இது ஏறவே ஏறாதுன்னு செல்போன்ல கூட போட்டிருக்கு" என்றாள். அந்தத் தைரியத்தில் மறுபடி சோதனைக்கே போகவில்லை. நிரோத்தையும் விட்டாயிற்று. அவரும் மாத்திரையை நினைத்தால் போடுகிறார், இல்லாவிட்டால் இல்லை.

எனக்குப் பகீரென்றது. செல்போனில் அவள் பார்த்தது பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம்.

இந்தக் கிருமி நம் ரத்தத்தின் வெள்ளையணுவுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். அதற்கு சி.சி.ஆர்.5 என்று பெயர். அந்த வாசலை அமைக்கும் மரபணுவில் சிலருக்கு 32 எழுத்து விட்டுப்போயிருக்கும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் அந்தக் குறை வந்திருந்தால் வாசலே இருக்காது. இதை 1996-ல் கண்டுபிடித்தார்கள். டிமோத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு ரத்தப் புற்றுநோய். பெர்லினில் 2007-லும் 2008-லும், இப்படி வாசல் இல்லாத ஒருவரின் அணுக்களை எடுத்து அவருக்கு ஏற்றினார்கள். அவருக்கு இருந்த எச்.ஐ.வி.யும் போய்விட்டது! 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பி வந்ததால்தான்.

ஆனால் இந்தக் குறை வட ஐரோப்பியர்களிடம்தான் அதிகம். இரண்டு பக்கமும் வாங்கினவர்கள் அங்கேயே நூற்றுக்கு ஒருவர்தான். நம் நாட்டில் அபூர்வத்திலும் அபூர்வம். தவிர, வேறு வாசல் வழியாக நுழைகிற ரகமும் இந்தக் கிருமியில் உண்டு. காலராவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"உன் வீட்டுக்காரர் உன் சொந்தத் தாய்மாமன் மகன்தானே? அதே அம்மாச்சிக்குப் பேரன்தானே? அவருக்கு மட்டும் எப்படி வந்தது?" என்று கேட்டேன். கீரையைக் கீழே வைத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தொற்றிவிடாது, அவ்வளவுதான். இவளுக்கு அதுவரை இருந்தது அதிர்ஷ்டம், வம்சம் இல்லை.

நம்பத்தக்க காப்பு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். இரண்டு பெண்கள்! பிற்பாடு, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை வைத்து ஒன்பது நாடுகளில் ஆராய்ந்தபோது சென்னைத் தம்பதிகளும் அதில் இருந்தார்கள். சீக்கிரமே கூட்டு மாத்திரை ஆரம்பித்தால், துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் தெரிந்தது. நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், தாம்பத்தியத்தில் தொற்றுவதே இல்லை என்று இப்போது உறுதியாகவே சொல்கிறார்கள். அடங்கியது சோதனையில் தெரிகிறவரை நிரோத் வேண்டும்.

இதெல்லாம் அரசு ஆஸ்பத்திரி 'நம்பிக்கை மைய'த்தில் காசில்லாமல் சொல்வார்கள், சோதிப்பார்கள். 2004-லிருந்து மாத்திரையும் இலவசம். அனுமதியில்லாமல் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் பண்ணலாம், அதற்கும் காசு கிடையாது.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. இருவரும் சேர்ந்தே போனார்களாம். இந்தத் தடவையும் அவளுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறாள். அது அடித்ததும் மாத்திரையும் தண்ணீருமாக அவர் முன்னால் போய் நிற்கிறாளாம்.